படம் ஒன்று, கோப்பு பல

(இரண்டாம் ஆண்டு கணினிப் பொறியியல் மாணவன்)

லேபில் பெயிண்ட் மென்பொருளில் ஒரு படம் வரைந்து 'சேவ் ஆஸ்' கொடுத்தால் பிஎம்பி, ஜேபெக், ஜிஃப், டிஃப், பிஎன்ஜி என்று ஒரு பட்டியல் வந்து நிற்கும். முதலில் எது நிற்கிறதோ அதையே அழுத்திவிட்டு நம்மில் பலர் எழுந்து போய்விடுகிறோம். அந்தப் பெயர்களுக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம்.

எந்தப் படத்தையும் நன்றாகப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாகத் தெரியும். அதுதான் பிக்சல். ஒவ்வொரு கட்டத்துக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். எண்ணுக்கு ஒரு பைட் வீதம் மூன்று பைட். ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று ஸ்கேன் செய்தால் 2480 × 3508 கட்டங்கள் வரும். மூன்றால் பெருக்கிப் பாருங்கள், சுமார் 26 மெகாபைட். ஒரே ஒரு தாளுக்கு! இதைச் சுருக்கத்தான் இத்தனை வடிவங்கள்.

பிஎம்பி பெரும்பாலும் சுருக்கவே சுருக்காது. எண்களை அப்படியே வரிசையாக எழுதி வைக்கும், அதுவும் வழக்கமாகப் படத்தின் கீழ்வரிசையில் ஆரம்பித்து. சி மொழியில் படத்தைப் படித்துப் பழக இதைவிட எளிதானது கிடையாது. மற்றபடி இடத்தை அடைக்கும்.

ஜிஃப் 1987-ல் கம்ப்யூசர்வ் நிறுவனம் கொண்டுவந்தது. ஒரு படத்துக்கு 256 நிறம்தான். அதன் சுருக்கும் முறைக்கு யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்தது. 1994 கடைசியில் மென்பொருள் எழுதுவோர் பணம் கட்ட வேண்டும் என்றதும் பெரிய சண்டை. காசு கேட்காத ஒன்றை நாமே செய்வோம் என்று சிலர் சேர்ந்து உருவாக்கியதுதான் பிஎன்ஜி, 1996-ல் வந்தது. சுருக்கினாலும் ஒரு புள்ளிகூடக் கெடாது. சர்க்யூட் படம், எழுத்து, கோடு இவற்றுக்கு இதுதான் சரி.

ஜேபெக் கதை வேறு. 1992-ல் தரமாக்கப்பட்டது. படத்தை 8 × 8 கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் கொசைன் அலைகளின் கூட்டலாக மாற்றும். கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுண்ணிய அலைகளை மழித்துவிடும். போனது போனதுதான், திரும்ப வராது. இந்தக் கொசைன் கணக்குக்காக 1972-ல் அமெரிக்காவில் நிதி கேட்டு விண்ணப்பித்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. நிதி கிடைக்கவில்லை. ஆனாலும் விடாமல் டி. நடராஜன், கே.ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974-ல் கட்டுரையாக வெளியிட்டார். அந்த ராவ் நம்ம கிண்டி பொறியியல் கல்லூரியில் 1952-ல் பட்டம் பெற்றவர். எம்-3 பேப்பரைத் திட்டுகிறவர்கள் கவனிக்க!

மனித முகம், மரம், வானம் என்றால் ஜேபெக் அருமை. எழுத்து என்றால் ஓரங்களில் எறும்பு மொய்த்த மாதிரி ஆகிவிடும். இது வெறும் அழகு விஷயம் இல்லை. எங்க வீட்டில் ஃபாரம் நிரப்பத் தெரிந்தவர் யாரும் கிடையாது. உதவித்தொகைக்கு அப்பாதான் வருமானச் சான்றிதழை ஒரு கடையில் கொடுத்து ஏற்றச் சொன்னார். 200 கிலோபைட்டுக்குள் வேண்டும் என்று அந்த 26 மெகாபைட்டை ஒரே அமுக்காக அமுக்கிவிட்டார்கள். சான்றிதழ் எண்ணில் 3 எது, 8 எது என்று தெரியவில்லை. விண்ணப்பம் திரும்பி வந்தது. அப்பாவுக்கு இரண்டு நாள் கூலி போச்சு.

கணக்கைப் பாருங்கள். 26 மெகாபைட்டை 200 கிலோபைட் ஆக்க 130 மடங்கு சுருக்க வேண்டும். அதே தாளைக் கறுப்பு வெள்ளைச் சாயலில், அங்குலத்துக்கு 150 புள்ளியில் ஸ்கேன் செய்தால் 1240 × 1754, கட்டத்துக்கு ஒரு பைட், மொத்தம் 2.2 மெகாபைட்தான். 11 மடங்கு சுருக்கினால் போதும், எழுத்து நிற்கும். இரண்டாம் தடவை இப்படித்தான் ஏற்றினோம். இன்னும் குறைக்க வேண்டுமென்றால் ஓரத்து வெற்றிடத்தை வெட்டுங்கள். ஏற்கெனவே சுருக்கின ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமிக்காதீர்கள், பொதுவாக ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் போகும்.

சிலர் கோப்பின் பெயரில் பிஎன்ஜி என்பதை அழித்து ஜேபெக் என்று எழுதிவிட்டு மாற்றியாச்சு என்பார்கள். பேரை மாத்தினா ஆளு மாறிடுவானா? பிஎன்ஜி கோப்பின் முதல் பைட் 137, ஜேபெக்குக்கு 255, 216. நல்ல மென்பொருள் அதைத்தான் பார்க்கும்.

டிஃப் அச்சகத்துக்காரர்களுக்கு வேண்டியது. 1986-ல் ஆல்டஸ் நிறுவனம் ஸ்கேனர்களுக்காகச் செய்தது. ஆப்செட் அச்சின் நான்கு நிறங்களையும் தாங்கும், ஒரே கோப்பில் பல பக்கமும் வைக்கலாம். கூகுளின் வெப்பி 2010-லும், ஐபோனின் ஹெய்க் 2017-லும் வந்தவை. சிறியவைதான், ஆனால் எல்லாத் தளமும் ஏற்பதில்லை. அனுப்பும் முன் மாற்றிக்கொள்ளுங்கள்.

லேபில் அரை மணி நேரம் கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள். பெயிண்டில் ஒரு சர்க்யூட் வரையுங்கள், கேமராவில் எடுத்த போட்டோ ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பிஎன்ஜியிலும் ஜேபெக்கிலும் சேமித்து நான்கு கோப்புகளின் அளவையும் நோட்டில் எழுதுங்கள். சர்க்யூட்டில் எது சிறியது, போட்டோவில் எது சிறியது என்று அப்புறம் கேண்டீனில் பேசுவோம்.