மழைப் பதிவும் பைத்தான் நிரலும்

பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலின் 16ஆம் பாடம், பைத்தானில் வரைபடம் உருவாக்கக் கற்பிக்கிறது. தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டும் பெய்யும் போளூர், ஜவ்வாதுமலைப் பகுதி மாணவர்க்கு மழையளவே பொருத்தமான தரவு.

முதலில் ஒரு மாதத்தின் அன்றாட மழையளவைத் தாளில் பட்டை வரைபடமாக வரையச் செய்க. பிறகு அதே எண்களுக்கு நிரல் எழுதச் சொல்க. இரு படங்களும் வேறுபட்டால், பிழை எங்கே என்று மாணவரே தேடுவார்.

அடுத்து இவ்வினாவைக் கேட்கலாம்: மழை பெய்யாத நாளுக்கும் அளக்காமல் விட்ட நாளுக்கும் என்ன எழுதுவாய்? முன்னதற்கு 0 சரி. பின்னதற்கும் 0 இட்டால், மழை பெய்திருக்கக்கூடிய நாளும் வறண்ட நாளாகிவிடும். அதை வெற்றிடமாகவே காட்ட வேண்டும்.

இதை உணர்ந்து நிரலைத் திருத்தும் மாணவர், பார்த்து எழுதும் நிலையைக் கடந்துவிட்டார். படத்தின் அழகைவிட அவர் தரும் விளக்கத்திற்கே கூடுதல் மதிப்பெண் வழங்குவோம்.