திறமூல மென்பொருளில் குறிப்புரையும் சோதனையும்: மூலம், உரை, காட்டு என்னும் நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மென்பொருளின் மூலநிரலோடு இருவகைத் துணைப் பனுவல்கள் எழுதப்பெறுகின்றன. ஒன்று, நிரலைப் படிப்பவர்க்கு விளக்கம் தரும் குறிப்புரை. மற்றொன்று, நிரல் உரிய விடையைத் தருகிறதா எனக் கணினியே சரிபார்க்கும் சோதனை. யூனிக்ஸ், லினக்ஸ் கெர்னல், எஸ்கியூலைட், பைத்தான் ஆகியவற்றின் வழக்கங்களைக் கொண்டு இவ்விரண்டின் பணிகளையும் இக்கட்டுரை வேறுபடுத்திக் காட்டுகிறது. தமிழ் மென்பொருளுக்கான சோதனைக் காட்டுகளை வகுப்பதில் தமிழறிஞர்க்கு உள்ள பங்கையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: திறமூல மென்பொருள், மூலநிரல், குறிப்புரை, சோதனை, காட்டு, ஒருங்குறி.

முன்னுரை

மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருளே திறமூல மென்பொருள். அதனை எழுதியவரும் பின்னர்த் திருத்துபவரும் பெரும்பாலும் ஒருவரை ஒருவர் நேரில் காணாதவர்கள். ஆகவே எழுதியவரின் கருத்து, பனுவலின் வழியாக மட்டுமே அடுத்தவரைச் சென்றடைய வேண்டியுள்ளது. நூலாசிரியரைக் காணாத மாணவர்க்கு உரையாசிரியர் துணைநிற்கும் நிலையோடு இது ஒப்பிடத்தக்கது. நன்னூல், காண்டிகையுரையின் உறுப்புகளாகக் கருத்து, பதப்பொருள், காட்டு ஆகியவற்றையும் வினாவிடையையும் கூறுகிறது. இவற்றுள் கருத்து, காட்டு என்னும் இரண்டும் மென்பொருள் உலகில் முறையே குறிப்புரை, சோதனை என்னும் இருவேறு வடிவங்களைப் பெற்றுள்ளன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

குறிப்புரையின் இயல்பு

குறிப்புரை நிரலுக்குள்ளேயே எழுதப்படினும், நிரல் இயங்கும்போது கணினி அதனைப் பொருட்படுத்துவதில்லை. மனிதர் மட்டுமே அதன் வாசகர். இவ்வியல்பே அதன் வலிமைக்கும் குறைக்கும் காரணமாகிறது. வலிமையாவது, நிரலால் சொல்ல இயலாத காரணத்தை அது சொல்லும். குறையாவது, நிரல் மாறியபின் குறிப்புரை மாறாது நின்றாலும் அதனை உணர்த்துவார் இல்லை.

1975ஆம் ஆண்டு வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பு இதற்கு ஒரு சான்று. இது இன்றைய பொருளில் திறமூலம் அன்று. உரிமக் கட்டுப்பாடு உடையது. எனினும் பல்கலைக்கழகங்களில் பயிலப்பட்ட பனுவல். ஒரு செயல்முறையிலிருந்து மற்றொன்றுக்குக் கணினி மாறும் பகுதியில், படிப்பவர் இதனைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை என்னும் பொருள்பட ஒரு குறிப்புரை அதில் உண்டு. அங்கு நிகழ்வதைத் தாங்களும் முற்றும் உணர்ந்திருக்கவில்லை என்று அதன் ஆக்கியோருள் ஒருவரான டென்னிஸ் ரிட்சி பின்னர் விளக்கினார். குறிப்புரை ஒன்று இருப்பதனால் மட்டும் நிரலின் சரிமை உறுதிப்படுவதில்லை என்பது இதனால் பெறப்படும்.

இதே பதிப்பிற்கு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் லயன்ஸ், மூலநிரலை ஒரு தொகுதியாகவும் தம் விளக்கவுரையை மற்றொரு தொகுதியாகவும் அமைத்து மாணவர்க்கு வழங்கினார். உரிமத் தடையால் அது நெடுங்காலம் ஒளிப்படிகளாகவே பரவி, 1996இல் நூலாக வெளிவந்தது. மூலமும் உரையும் என்னும் அமைப்பு நிரலுக்கும் பொருந்தியதற்கு இது நல்ல சான்றாகும்.

திறமூலத் திட்டங்கள் குறிப்புரைக்கு வரம்பும் வகுத்துள்ளன. நிரல் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் குறிப்புரையில் விரித்தெழுத வேண்டா. என்ன செய்கிறது என்பதைச் சொன்னால் போதும். மிகையான குறிப்புரை தீங்கு பயக்கும் என்பது லினக்ஸ் கெர்னலின் எழுதுநெறி. நிரலோடு முரண்படும் குறிப்புரை, குறிப்புரையே இல்லாமையினும் கேடானது என்பது பைத்தான் மொழியின் நடைநெறி ஆவணமான பெப் 8 தரும் கருத்து. இவ்விரு நெறிகளும் குறிப்புரை காலத்தால் பழுதடையும் என்னும் பட்டறிவிலிருந்து பிறந்தவை எனலாம்.

சோதனையின் இயல்பு

சோதனையும் ஒரு நிரலே. இன்ன உள்ளீட்டிற்கு இன்ன விடை வரவேண்டும் என்பதை எழுதிவைத்து, மூலநிரலில் மாற்றம் நிகழும்தோறும் அது மீண்டும் இயக்கப்படுகிறது. விடை பிறழ்ந்தால் கணினி உடனே அறிவிக்கும். ஆகவே குறிப்புரைக்கு நேரும் பழுது சோதனையில் மறைந்து நிற்பதில்லை.

2000ஆம் ஆண்டு ரிச்சர்டு ஹிப் தொடங்கிய எஸ்கியூலைட் தரவுத்தளம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. 2023இல் வெளிவந்த அதன் 3.42.0 பதிப்பில் மூலநிரல் ஏறத்தாழ 1,55,800 வரிகள். சோதனை நிரலோ 9 கோடியே 20 லட்சம் வரிகள். அதாவது 590 மடங்கு என்று அத்திட்டத்தின் ஆவணம் கூறுகிறது. வெற்று வரிகளையும் குறிப்புரைகளையும் நீக்கிய கணக்கு இது. மூலநிரல் பொதுக்கள உடைமை எனினும், சோதனைத் தொகுதிகளுள் சில தனியுரிமம் உடையவை என்பதும் கருதத்தக்கது. பிழை ஒன்று கண்டறியப்பட்டால், அப்பிழையை வெளிப்படுத்தக்கூடிய புதிய சோதனை சேர்க்கப்பட்ட பின்னரே அது தீர்ந்ததாகக் கொள்ளப்படும் என்னும் நெறியும் அங்கு உண்டு. இவ்வாறு சேர்க்கப்படும் ஒவ்வொரு சோதனையும் கடந்தகாலப் பிழை ஒன்றின் பதிவாகவும் அமைகிறது.

எனினும் சோதனைக்கும் எல்லை உண்டு. சோதனை பிழையின் இருப்பைக் காட்டுமேயன்றி இன்மையைக் காட்டாது என்றார் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. மேலும், எதிர்பார்த்த விடை ஏன் அதுவாக இருக்க வேண்டும் என்பதைச் சோதனை தானே கூறாது.

இரண்டும் இணையும் இடம்

2001இல் வெளிவந்த பைத்தான் 2.1 பதிப்பில் டாக்டெஸ்ட் என்னும் கூறு இடம்பெற்றது. செயற்கூறின் விளக்கவுரைக்குள்ளேயே ஒரு காட்டையும் அதற்குரிய விடையையும் எழுதினால், இக்கூறு அக்காட்டை இயக்கி விடையை ஒப்பிட்டுப் பார்க்கும். படிப்பவர்க்கு அது விளக்கம். கணினிக்கு அதுவே சோதனை. உரையாசிரியர் தரும் காட்டைச் சரிபார்ப்பது கற்போர் கடமை. இங்குக் கணினியும் அக்கடமையில் பங்கு கொள்கிறது.

தமிழ் மென்பொருளும் சோதனைக் காட்டும்

இவ்வழக்கங்கள் தமிழாய்வோடு தொடர்புறும் இடம் ஒன்றுண்டு. ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் நேரடியாக வினவினால் 5 என்னும் விடை வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஒருங்குறி அதனை ஐந்து குறியீடுகளாகக் கொள்வதே காரணம். தமிழிலக்கணப்படி எழுத்துகள் மூன்று. ‘கோ’ என்பதனையோ, ஓகாரக் குறியை ஒன்றாகக் கொண்டும், ஏகாரக் குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் ஒருங்குறியில் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒருமுகப்படுத்தாத நிரலுக்கு இரண்டும் வேறு. தேடற்பொறியிலும் சொல்லடைவிலும் இதனால் சொற்கள் விடுபடும். ஓப்பன்-தமிழ் போன்ற திறமூல நிரலகங்கள் எழுத்தைப் பிரித்தெண்ணும் செயற்கூறுகளைத் தனியே அமைத்திருப்பது இத்தேவை கருதியே.

எழுத்தெண்ணிக்கையில் ஐயத்திற்கு இடமில்லை. புணர்ச்சியில் நிலைமை வேறு. மரம் + கள் = மரங்கள், பல் + கள் = பற்கள் எனச் சோதனை எழுதுவது எளிது. ‘நாள்’ என்பதன் பன்மை நாள்கள் என்பதா, நாட்கள் என்பதா? இரு வடிவங்களும் இன்று வழக்கில் உள்ளன. அறிஞரிடையே கருத்து வேறுபாடும் உண்டு. சோதனையில் ஒன்றை மட்டும் எழுதினால், மற்றதை அம்மென்பொருள் பிழையென ஒதுக்கும். சொற்பிழை திருத்தியில் இது நேர்ந்தால், பயன்படுத்துவோர் அனைவருக்கும் அதுவே விதியாகிவிடும். எனவே இத்தகைய இடங்களில் ஏற்கத்தக்க வடிவங்களைச் சோதனையும், அவற்றை ஏற்ற காரணத்தைக் குறிப்புரையும் ஒருங்கே தாங்க வேண்டும். இம்முடிவை நிரலாளர் தனித்து எடுப்பது முறையன்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. குறிப்புரை காரணத்தைக் காக்கிறது. ஆயின் நிரல் மாறும்போது அது பழுதுறுவதை உணர்த்தும் கருவி அதனிடம் இல்லை.

2. சோதனை நடத்தையைக் காக்கிறது. ஆயின் எதிர்பார்த்த விடைக்கான நியாயத்தை அது கூறுவதில்லை.

3. காட்டை விளக்கவுரைக்குள் அமைத்து இயக்கும் முறை இவ்விரண்டையும் ஓரளவு இணைக்கிறது.

4. தமிழ் மென்பொருளில் எது சரியான விடை என்பது இலக்கண வினா. உள்ளீடும் விடையும் கொண்ட காட்டுப் பட்டியலை வகுக்க நிரலாக்கப் பயிற்சி தேவையில்லை. இலக்கணப் பயிற்சியே தேவை.

தமிழ்த்துறைகள் எழுத்து, புணர்ச்சி, வேற்றுமை உருபேற்றல், வினைத்திரிபு ஆகியவற்றிற்கு இத்தகைய காட்டுப் பட்டியல்களைக் காரணக் குறிப்புடன் தொகுத்துத் திறமூல உரிமத்தில் வெளியிடுமாயின், தமிழ் மென்பொருளாக்கத்திற்கு அது நிலையான அடித்தளமாக அமையும்.