பொழுது சாய்வதற்குள்

மேல்சித்தாமூர்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பாகப்பிரிவினை சமயத்தில், "இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று தம்பியிடம் வேதப் புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் பண்ணிவிட்டீர்கள். இப்போது தம்பி மகளுக்குக் கல்யாணம். அவரே நேரில் வந்து பத்திரிகை வைத்திருக்கிறார். போனால் வாக்குத் தவறியவன், போகாவிட்டால் கல்மனசுக்காரன். பழைய ஏற்பாடு வாக்கு, இரக்கம் இரண்டையும் கேட்கிறதே, எதை விடுவது என்கிறீர்கள்.

நான் இருப்பதோ சமணர் ஊர். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் இருக்கிற இடம். உங்கள் வேதத்தைப் பற்றி இங்கிருந்து எழுதுவது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் உங்கள் கேள்வியை இந்தப் பக்கத்து மக்கள் ஒருமுறை உயிரைக் கொடுத்து எதிர்கொண்டிருக்கிறார்கள்.

கதை இது. தென்னார்க்காடு மாவட்டத்துக்காக 1906இல் வெளிவந்த கெசட்டியரில் இருக்கிறது. 1478இல் செஞ்சியை ஆண்ட வேங்கடபதி என்ற தலைவன், உயர்குலம் எனப்பட்டவர்களிடம் பெண் கேட்டான். சமணர்கள் கொடுத்தால் நாங்களும் கொடுக்கிறோம் என்று பிராமணர்கள் நழுவிக்கொண்டார்கள். சமணர்கள் சரி என்று வாக்குக் கொடுத்து நாளும் குறித்தார்கள். பரிவாரத்தோடு அவன் வந்து பார்த்தால் வீடு காலி. திண்ணைத் தூணில் ஒரு பெட்டை நாய் கட்டியிருந்தது. சமணர் தலைகளைச் சீவ உத்தரவு போட்டான். சிலர் வெட்டப்பட்டார்கள், சிலர் ஊரைவிட்டு ஓடினார்கள், பலர் பூணூலைக் கழற்றித் திருநீறு பூசிக்கொண்டு சைவராகித் தப்பினார்கள்.

(ஆண்டைப் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டாம். செஞ்சி நாயக்கர் ஆட்சி நிலைபெற்றது 16ஆம் நூற்றாண்டில். செவிவழி வந்த கதைக்கு நாள்காட்டி கிடையாது.)

இதே மாதிரி ஏமாற்று வேலை யோசுவா புத்தகத்திலும் உண்டு. பூசணம் பிடித்த ரொட்டியும் கிழிந்த திராட்சரசத் துருத்தியுமாகக் கிபியோனியர் வந்து, வெகுதூரத்து ஆட்கள் என்று பொய் சொல்லி இஸ்ரவேலரிடம் உடன்படிக்கை வாங்கிவிடுகிறார்கள். மூன்று நாளில் குட்டு உடைகிறது. பக்கத்து ஊர்க்காரர்கள்தான்! ஜனங்கள் முறுமுறுக்கிறார்கள். ஆனாலும் ஆணையிட்டாயிற்று என்று தலைவர்கள் அவர்களைக் கொல்லவில்லை. விறகு வெட்டவும் தண்ணீர் எடுக்கவும் வைத்துக்கொள்கிறார்கள். அதைப் பெரிய கருணை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உயிர் பிழைத்தார்கள். செஞ்சித் தலைவனுக்கு அவமானம் நேர்ந்தபோது அவன் கையைப் பிடித்து நிறுத்த எந்த ஆணையும் இருக்கவில்லை.

அவனும் ஒருமுறை இரங்கினான். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் வேலூர் என்ற ஊரில் வீரசேனாசாரியார் என்ற சமணர் கிணற்றில் தம் நித்திய கடனைச் செய்துகொண்டிருந்தபோது சேவகர்கள் பிடித்து இழுத்துப் போனார்கள். அப்போதுதான் அரண்மனையில் குழந்தை பிறந்திருந்தது. தலைவன் குஷியாக இருந்தான், விட்டுவிட்டான். குழந்தை ஒரு வாரம் தள்ளிப் பிறந்திருந்தால் தலை போயிருக்கும். இதை நான் இரக்கம் என்று கணக்கில் சேர்ப்பதில்லை, அதிர்ஷ்டம் என்றுதான் சேர்ப்பேன். மனசு நன்றாக இருக்கும்போது யாரும் இரங்குவார்கள்.

மோசேயின் சட்டம் இந்த மனசை நம்பவில்லை. ஏழையின் மேலாடையை அடகு வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடு, ராத்திரி போர்த்திக்கொள்ள அவனுக்கு வேறில்லை என்று யாத்திராகமம் சொல்கிறது. கூலியை அன்றன்றைக்கே, சூரியன் மறையுமுன் கொடு என்கிறது உபாகமம். உனக்கு இரக்கம் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. இங்கே விரதம் காக்கிற நயினார் (சமணர்) வீடுகளிலும் சாப்பாடு இருட்டுவதற்கு முன்பே முடிந்துவிடும். இருட்டில் பூச்சி புழு உணவில் விழுந்து சாகும் என்பது காரணம். தண்ணீரைத் துணியில் வடிகட்டுவதும் அதற்குத்தான். பூச்சி மேல் தினமும் பாசம் பொங்குமா? வாக்கு இருக்கிறது, அதனால் நடக்கிறது. இரக்கத்தை மனநிலையின் பிடியிலிருந்து விடுவிக்கத்தான் விரதமும் உடன்படிக்கையும் என்பது என் எண்ணம். ஆகவே இரண்டில் எதை விடுவது என்ற உங்கள் கேள்வியே எனக்கு உடன்பாடில்லை.

சரி, உங்கள் சத்தியத்துக்கு வருகிறேன். நியாயாதிபதிகள் புத்தகத்தில் யெப்தா இருக்கிறார். போரில் ஜெயித்துத் திரும்பும்போது வீட்டு வாசலில் எது எதிர்ப்படுகிறதோ அதைப் பலியிடுவதாகப் பொருத்தனை பண்ணினார். ஒரே மகள் தம்புரு வாசித்து ஆடிக்கொண்டு வெளியே வந்தாள். சொன்னபடியே செய்தார். இதை மெச்சத்தக்க வாக்குறுதி என்று யூத ஆசான்கள் கொண்டாடவில்லை. பொருத்தனையைத் தளர்த்திவிடக்கூடிய ஆசாரியர் பினெகாஸ் அப்போது இருந்தாராம். அவன்தான் என்னைத் தேடி வர வேண்டும் என்று அவர் இருந்துவிட்டார். தளபதியான நான் போய் நிற்பதா என்று இவர் இருந்துவிட்டார். இருவர் வீம்புக்கும் நடுவில் பெண் செத்தாள் என்கிறது மித்ராஷ் என்ற அவர்களுடைய வேத விளக்க நூல். உங்களுக்கு யாரேனும் நினைவுக்கு வருகிறார்களா?

பின்னாளில் யூத ஆசான்கள் இதற்கு ஒரு முறையே வகுத்தார்கள். மூன்று பேர் முன் நின்று, இப்படியெல்லாம் ஆகும் என்று அன்றைக்குத் தெரிந்திருந்தால் அந்த ஆணையை இட்டிருப்பாயா என்ற கேள்விக்கு மனசறிந்து பதில் சொன்னால், விடுவிப்பார்கள். ஆனால் தன்னைத்தானே கட்டிக்கொண்ட ஆணைக்குத்தான் இந்தச் சலுகை. அடுத்தவனுக்குக் கொடுத்த வாக்கை அவன் அறியாமல் அவிழ்க்க முடியாது. இந்தச் சத்தியத்தில் நீங்கள் தம்பிக்கு எதையும் தருவதாகச் சொல்லவில்லை, உங்கள் காலைத்தான் கட்டிக்கொண்டீர்கள். பாகப்பிரிவினையில் கிணற்றுப் பங்கு தருவதாகச் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்களே, அதை அவிழ்க்கத்தான் உங்களுக்கு அதிகாரமில்லை.

செஞ்சிக் கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். உயிர் பிழைத்த வீரசேனர் சிரவணபெளகொளா போய்த் துறவியானார். தாயனூர் காங்கெய உடையார் என்ற இன்னொரு சமணர் உடையார்பாளையத்தில் அடைக்கலம் புகுந்து நிலம் பெற்றார். பிறகு வீரசேனரைத் தேடிப்போய் அழைத்துவந்தார். இருவரும் ஊர் ஊராகச் சுற்றி, நீறு பூசி ஒளிந்திருந்தவர்களைத் திரும்ப அழைத்தார்கள். விரதத்தை விட்டவர்கள்தானே என்று ஒதுக்கவில்லை. வராமல் நின்றுவிட்டவர்களுக்கு நீறுபூசி வேளாளர் என்ற பெயர் நிலைத்தது. கெசட்டியர் எழுதிய காலத்திலும், நானூறு ஆண்டுக்கு முந்தைய அந்த உதவிக்காகத் தாயனூர் குடும்பத்துக்கு விசேஷங்களில் முதல் தாம்பூலம் கொடுத்துவந்தார்கள். சித்தாமூர் மடாதிபதியைத் தேர்ந்தெடுப்பதிலும் அன்று அவர்கள் சொல்லுக்கு எடை அதிகமாக இருந்தது. நண்பன் யோனத்தானுக்குக் கொடுத்த வாக்கை வைத்துக்கொண்டு, அவன் செத்தபின் அவன் மகன் மேவிபோசேத்தை, கால் ஊனமுற்றவனை, தாவீது தேடிப்பிடித்துத் தன் பந்தியில் தினமும் உட்காரவைத்ததும் இந்த ரகம்தான்.

கல்யாணத்துக்குப் போங்கள். முகூர்த்த நேரத்துக்கு விருந்தாளி மாதிரிப் போய் நிற்காமல், முந்தின நாளே போங்கள். பெரியப்பா செய்ய வேண்டிய காரியம் நிறைய இருக்கும். கிணற்றுப் பங்குப் பத்திரத்தையும் மறக்காமல் எடுத்துப்போங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்