தேனும் சேனையும்

தேன் உடம்புக்கு நல்லது என்று நம் எல்லாருக்கும் தெரியும். ஏன் நல்லது, யாருக்குக் கொடுக்கவே கூடாது என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்போம். அதனால்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள். பிற்பாதியை மட்டும் விட்டுவிடாதீங்க.

முதலில் தேனுக்குள் என்ன இருக்கிறது? 100 கிராம் தேன் எடுத்தால் அதில் சுமார் 80 கிராம் சர்க்கரைதான். பிரக்டோஸ் அதிகம், அடுத்தது குளுக்கோஸ். சுமார் 17 கிராம் தண்ணீர். மீதி கொஞ்சத்தில்தான் அமிலம், நொதிகள், தாது உப்பு, நிறம், மணம் எல்லாம். பூவில் இருக்கும்போது அது தண்ணீர் மாதிரி இருக்கும். தேனீ அதை உறிஞ்சி, வயிற்றுக்குள் தனியாக இருக்கும் தேன்பையில் வைத்துக் கூட்டுக்குக் கொண்டுவரும். அங்கே ஒரு தேனீ இன்னொன்றுக்கு வாய் மாற்றி வாய் கொடுக்கும். அப்போது அதன் நொதி கலந்து, சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் பிரக்டோஸும் ஆகிறது. பிறகு இறக்கையால் விசிறி விசிறி நீரை வற்ற வைக்கும். நம் வீட்டில் பாகு காய்ச்சுவது போலத்தான், அடுப்பு மட்டும் கிடையாது. ஒரு வேலைக்காரத் தேனீ ஆயுள் முழுக்க உழைத்தாலும் ஒரு டீஸ்பூனில் பன்னிரண்டில் ஒரு பங்கு தேன்தான் சேர்க்குமாம். அப்படியென்றால் ஒரு டீஸ்பூன் தேன் பன்னிரண்டு தேனீக்களின் ஆயுள் உழைப்பு! இனிமேல் நான் கரண்டியை வழித்து நக்கினால் யாரும் சிரிக்கக் கூடாது.

தேன் ஏன் கெட்டுப்போவதில்லை? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சவ்வூடு பரவலை நினைத்துப் பாருங்கள். ஊறுகாயில் உப்பு செய்கிற வேலையைத் தேனில் சர்க்கரை செய்கிறது. உள்ளே விழுகிற கிருமியின் உடம்பிலிருந்து தண்ணீரை வெளியே இழுத்துவிடும். தேன் புளிப்புத் தன்மையும் உள்ளது, அதன் பி.ஹெச். சுமார் 4. இதோடு தேனில் ஈரம் பட்டால் ஒரு நொதி வேலை செய்து கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்கும். புண்ணைக் கழுவும்போது நுரை வருமே, அதே மருந்துதான். அதனால் சில மருத்துவமனைகளில் தீப்புண்ணுக்கும் ஆறாத புண்ணுக்கும் தேன் வைத்துக் கட்டுகிறார்கள். ஆனால் அது கதிர்வீச்சில் சுத்தம் செய்த தனித் தேன். டப்பாத் தேனை எடுத்துப் புண்ணில் தடவாதீங்க.

இருமலுக்குத் தேன் கொடுப்பது பாட்டி வைத்தியம் மட்டும் இல்லை. 2007-ல் அமெரிக்காவில் சளி பிடித்த 105 பிள்ளைகளை வைத்து ஆராய்ந்தார்கள். தூங்கப் போவதற்கு முன் தேன் குடித்த பிள்ளைகளுக்கு ராத்திரி இருமல் நன்றாகக் குறைந்தது என்று பெற்றோர்கள் சொன்னார்கள். 2018-ல் இங்கிலாந்து மருத்துவ வழிகாட்டுதலிலும், சாதாரண இருமலுக்கு உடனே ஆன்டிபயாடிக் வேண்டாம், முதலில் தேன் கொடுத்துப் பாருங்கள் என்று எழுதினார்கள். தேன் தொண்டையில் பூசினாற்போல நிற்பதால் அரிப்பு அடங்குகிறது. நம் சித்த மருத்துவத்தில் சுக்கு, மிளகு, திப்பிலிச் சூரணத்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பார்கள். இப்படி மருந்தோடு சேர்த்துக் கொடுப்பதற்கு அனுபானம் என்று பேர். மருந்தின் காரமும் தெரியாது, பிள்ளை துப்பவும் துப்பாது.

தேனில் எல்லா வைட்டமினும் நிறைந்திருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை, இருப்பது ரொம்பக் கொஞ்சம். அதற்கு ஒரு நெல்லிக்காயும் ஒரு பிடி முருங்கைக்கீரையும் மேல். தேன் கொடுப்பது சக்தி. 100 கிராமில் சுமார் 304 கலோரி. உடம்பு இளைக்கத் தேன்தண்ணீர் குடிக்கிற அக்காமார் இந்தக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் தேன் சர்க்கரைதான், டாக்டரிடம் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பக்கத்தில் பிள்ளை பிறந்ததும் சேனை வைப்பார்கள். வீட்டில் பெரியவர் ஒருவர் தேனையோ சீனித் தண்ணீரையோ விரலால் தொட்டுக் குழந்தையின் நாக்கில் வைப்பார். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. எங்கள் அக்காவுக்கு ஆவணியில் ஆண்குழந்தை பிறந்தபோது, எங்கள் ஆச்சி சின்னக் குப்பியில் மலைத்தேனை மடியில் வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்துட்டாங்க. நர்ஸ் அக்கா பார்த்துவிட்டு, “ஆச்சி, ஒரு வயசு முடியிற வரைக்கும் தேனைக் கண்ணுலயே காட்டக் கூடாது”ன்னாங்க. ஆச்சிக்குக் கோபம். “இவ அம்மைக்கும் மாமனுக்கும் நான்தான் சேனை வச்சேன். என்ன கெட்டுப்போச்சு?”ன்னு கேட்டாங்க.

ஆச்சி கேட்டது நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் இது. சில தேனில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். எல்லாத் தேனிலும் இருக்காது. அதனால்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. நாம் அந்த வித்தைத் தின்றாலும் அது முளைக்காமல் வெளியே போய்விடும். ஆனால் ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் அதைத் தடுக்கும் நல்ல பாக்டீரியாக்கள் போதிய அளவு வளர்ந்திருக்காது. வித்து அங்கே முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியை நிறுத்திவிடும். முதலில் மலச்சிக்கல் வரும். பிறகு பால் குடிக்கச் சக்தி இருக்காது, அழுகைச் சத்தம் மெலியும், இமை தொங்கும், தலை நிற்காது, துணி மாதிரி துவண்டுவிடும். முற்றினால் மூச்சே நின்றுவிடும். இது அபூர்வமான நோய். ஆனால் எந்தக் குப்பியில் அந்த வித்து இருக்கிறது என்று பார்த்தும் முகர்ந்தும் கண்டுபிடிக்க முடியாது. காய்ச்சினாலும் வித்து சாகாது. குழந்தைகளுக்கு இப்படி வருகிறது என்பதையே 1976-ல்தான் கண்டுபிடித்தார்கள். பாவம், ஆச்சி பிள்ளை பெற்ற காலத்தில் இது டாக்டருக்கே தெரியாது!

சேனைக்கு மட்டும் இல்லை. வசம்பை உரசித் தேனில் குழைத்து நாக்கில் தடவுவதும், ரப்பரைத் தேனில் தொட்டு வாயில் வைப்பதும் இதே ஆபத்துதான். மேலே சொன்ன அறிகுறிகள் இருந்தால் திருநீறு போட்டுக்கொண்டு வீட்டில் காத்திருக்கக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சிகிச்சை இருக்கிறது.

அப்போ சேனைக்கு என்ன பண்ண என்று ஆச்சி கேட்டதற்கு நர்ஸ் அக்கா, “சீம்பாலை விட ஒசந்த சேனை உண்டா ஆச்சி?” என்றார்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை அது மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. ஆச்சி கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாங்க. ஆனாலும் பிள்ளையை முதலில் மடியில் வாங்கியது அவங்கதான். தேன்குப்பி எங்கள் வீட்டு அடுக்களைக்கு வந்துவிட்டது, எனக்கு லாபம்.

இந்த மாதம் நம் ஊரில் வளைகாப்பு நடந்த வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகள் இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு அப்படியே போய்விடாமல் வீட்டில் சொல்லுங்கள்.

கடைசியாக, தேன் வாங்குவது பற்றி. தீக்குச்சியைத் தோய்த்துப் பற்றவைப்பது, தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது, இவை எதுவும் நம்பக்கூடிய சோதனை இல்லை. 2020-ல் டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனைச் சோதித்தபோது, சர்க்கரைப்பாகு கலந்த தேன்கள் சாதாரண ஆய்வகச் சோதனையில்கூடத் தப்பித்துவிட்டன. ஆய்வகமே ஏமாறும்போது எறும்பு என்ன செய்யும்? தெரிந்தவர் வளர்க்கும் தேனீப் பெட்டியிலிருந்து வாங்க முடிந்தால் நல்லது. தேன் அடியில் சீனி மாதிரி உறைந்திருந்தால் கலப்படம் என்று கொட்டிவிடாதீங்க. குளுக்கோஸ் உறைந்திருக்கிறது, அவ்வளவுதான். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் இளகிவிடும். நேராக அடுப்பில் வைத்தால் நொதியும் போய்விடும், மணமும் போய்விடும்.