குழாய்க்குள் போனால் புகை இல்லையா?

கேள்வி: புனேயிலிருந்து மும்பைக்கு 25 நிமிடத்தில் ஹைப்பர்லூப் என்றார்களே, அது என்ன ஆயிற்று? வந்திருந்தால் சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?
- வாசகர், பிம்ப்ரி, புனே

பதில்: 2018 பிப்ரவரியில் விர்ஜின் ஹைப்பர்லூப் ஒன் நிறுவனமும் மகாராஷ்டிர அரசும் இதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 2020 நவம்பரில் அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் 2 பேரை உட்காரவைத்து ஓட்டினார்கள். எட்டிய வேகம் மணிக்கு 172 கி.மீ. நம் வந்தே பாரத் ரயிலே அதை எட்டிப்பிடிக்கும்! 2023 இறுதியில் கடையை மூடிவிட்டார்கள்.

வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதனால்தான் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சிவிட்டு, காந்தத்தால் வண்டியைத் தூக்கி ஓட்டும் யோசனை. உராய்வு குறையும், உண்மைதான். ஆனால் அத்தனை நீளக் குழாயிலும் புகும் காற்றை வெளியேற்ற பம்புகள் ஓயாமல் ஓட வேண்டும். வண்டி புகை விடாது. அதற்கு மின்சாரம் தரும் சந்திரபூர் அனல் நிலையத்தின் புகைபோக்கி விடும். மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து கொட்டும் சிமென்டும் இரும்பும் தனிக் கணக்கு. மேற்கூரையில் சூரியத் தகடு வைப்போம் என்பார்கள். இரவு வண்டிக்கு?

சென்னை ஐ.ஐ.டி. தையூரில் 422 மீட்டர் ஹைப்பர்லூப் சோதனைப் பாதை அமைத்திருக்கிறது. ஆராயட்டும், நல்லதுதான். அதுவரை புனே-மும்பை டெக்கான் குவீன் ரயில் இருக்கிறது. 1930 முதல் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், ஆம்லெட்டும் கிடைக்கும்.