பல்லை நகர்த்தும் மெல்லிய விசை

சுவரில் ஓர் ஆணியை ஆழமாக அடித்து, அதை நாள்தோறும் விரலால் பக்கவாட்டில் மெல்லத் தள்ளிப் பாருங்கள். ஓர் ஆண்டு தள்ளினாலும் ஆணி இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால், தாடை எலும்பில் ஆழமாகப் பதிந்துள்ள பல்லை அத்தகைய மெல்லிய விசையால் மாதத்திற்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நகர்த்திவிடலாம்! இது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். விடை தெரிந்தாலும் எழுந்து சொல்லமாட்டான். சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வான். அவனுடைய மேல் முன்பற்கள் இரண்டிற்கும் நடுவே பெரிய இடைவெளி. ஒருநாள், பொட்டலம் கட்டும் ரப்பர் வளையத்தை அவ்விரு பற்களிலும் மாட்டி இழுக்கப்போவதாகச் சொன்னான். "விசை கொடுத்தால் பொருள் நகரும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், சார்?" என்றான். நான் தடுத்துவிட்டேன். ஏன் என்பதைக் கட்டுரையின் முடிவில் காண்போம்.

வரிசை ஏன் குலைகிறது?

குழந்தைக்குப் பால் பற்கள் 20; வளர்ந்தவருக்கு நிலைப் பற்கள் 32. தாடை சிறியதாகவும் பற்கள் பெரியனவாகவும் அமைந்தால் இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தெற்றுப்பல் உண்டாகும். பால் பல்லைச் சொத்தையால் முன்னதாகவே இழந்தால், பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்து, பின்னால் வரும் பல்லின் வழியை அடைத்துவிடும். சிலருக்கு ஒரு பல் உருவாகாமலே போகும். சிலருக்குக் கூடுதலாக ஒரு பல் உருவாகி எலும்புக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

பழக்கமும் ஒரு காரணம். உணவை மெல்லும்போது பற்கள்மீது பல கிலோகிராம் எடைக்குச் சமமான விசை விழுகிறது. ஆயினும் அது ஒவ்வொரு முறையும் நொடிப்பொழுதே நீடிப்பதால் பல் நகர்வதில்லை. விரல் சூப்பும் குழந்தையின் விரல் தரும் விசை மிகச் சிறியது. ஆனால் மணிக்கணக்காக நீடிக்கிறது. அதனால் முன்பற்கள் வெளியே தள்ளப்படுகின்றன. விசையின் அளவைவிட அது நீடிக்கும் நேரமே இங்கு முக்கியம் என்பதை நினைவில் வையுங்கள்.

கண்ணாடி முன் ஒரு சோதனை

கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று படியும்படி வாயை மூடி, உதடுகளை விலக்கிக் கண்ணாடியில் பாருங்கள். பெட்டியின் மூடி பெட்டியைச் சுற்றி அமர்வதுபோல, மேல் வரிசை கீழ் வரிசைக்குச் சற்று வெளியே அமைந்திருக்க வேண்டும்.

1899ஆம் ஆண்டு எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், ஆறு வயதளவில் முளைக்கும் முதல் நிலைக் கடைவாய்ப் பற்களை அடையாளமாகக் கொண்டு இக்குறைகளை மூன்று வகையாகப் பிரித்தார். மேல், கீழ்க் கடைவாய்ப் பற்கள் சரியாகப் பொருந்தியும் மற்ற பற்கள் ஒழுங்கற்றிருப்பது முதல் வகை. கீழ் வரிசை பின்தங்கியிருப்பது இரண்டாம் வகை; முன்வந்திருப்பது மூன்றாம் வகை. பின்னிரண்டிலும் பல் மட்டுமன்றித் தாடையின் வளர்ச்சியும் பல நேரங்களில் காரணமாக இருக்கும். வளரும் வயதில் அவ்வளர்ச்சியை ஓரளவு நெறிப்படுத்தலாம். வளர்ச்சி நின்றபின் பெருங்குறையைச் சரிசெய்ய அறுவை மருத்துவம் தேவைப்படலாம்.

ஆணி வேறு, பல் வேறு

பல் எலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையே ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள நார்ப்படலம் உண்டு. அதில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. பல்லை ஒரு பக்கம் தள்ளினால் அப்பக்கத்துப் படலம் நசுங்கும், எதிர்ப்பக்கம் விரியும். நசுங்கிய பக்கத்தில் சில செல்கள் எலும்பைக் கரைக்கின்றன. விரிந்த பக்கத்தில் வேறு சில செல்கள் புதிய எலும்பைக் கட்டுகின்றன. சுவருக்கு உயிரில்லை; எலும்புக்கு உயிருண்டு. அதுவே வேறுபாடு.

எவ்வளவு விசை?

அப்படியானால் விசையைக் கூட்டினால் பல் விரைவாக நகருமா? நகராது! நுண்குழாய்களில் இரத்தத்தின் அழுத்தம் 20 மில்லிமீட்டர் பாதரசம் எனக் கொள்வோம். அதாவது 2 சென்டிமீட்டர் உயரம். பாதரசத்தின் அடர்த்தி 13.6. இரண்டையும் பெருக்கினால் சதுர சென்டிமீட்டருக்கு 27.2 கிராம் எடை. படலத்தின்மீது இதைவிட அதிக அழுத்தம் விழுந்தால் குழாய்கள் நசுங்கி இரத்த ஓட்டம் நின்றுவிடும். செல்கள் மடியும், எலும்பைக் கரைக்க ஆளிராது. பல் நகர்வது தடைப்பட்டு வலிதான் மிஞ்சும். வேரும் தேயக்கூடும். சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம் வரை போதும் என்று ஷ்வார்ஸ் என்ற ஆய்வாளர் 1932இலேயே கூறினார்.

கம்பியின் வேலை

எஃகுக் கம்பி ஹூக் விதிக்குக் கட்டுப்பட்டது. பல் நகர நகரக் கம்பியின் வளைவு குறையும், விசையும் குறையும். தொடக்கத்தில் அதிகம், பின்னர் போதாது என்ற நிலை. நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் என்ற உலோகக் கலவை 1970களில் பல் மருத்துவத்திற்கு வந்தது. இன்றைய மீமீள்தன்மை வாய்ந்த நிட்டினால் கம்பிகள், வளைவு மாறினாலும் ஏறத்தாழ ஒரே அளவான மெல்லிய விசையைத் தருகின்றன.

நியூட்டனின் மூன்றாம் விதி வாய்க்குள்ளும் உண்டு. கோரைப்பல்லைப் பின்னோக்கி இழுத்தால், அதே விசை கடைவாய்ப் பல்லை முன்னோக்கி இழுக்கும். ஆனால் கடைவாய்ப் பல்லுக்கு வேர்கள் பல, பரப்பு அதிகம், எனவே அழுத்தம் குறைவு. அது சிறிதளவே நகரும். கப்பலுக்கு நங்கூரம்போல மருத்துவர் அதைப் பயன்படுத்துகிறார்.

இன்னொரு சிக்கல்: பீரோவை மேற்புறத்தில் தள்ளினால் சாய்வதுபோல, பல்லின் தலைப்பகுதியைத் தள்ளினால் பல் சாயும். நிமிர்ந்தபடியே நகர வேண்டுமானால் எதிர்த் திருப்புத்திறனும் வேண்டும். பல்லில் ஒட்டப்படும் பிடியின் செவ்வகப் பள்ளமும், அதில் பொருந்தும் செவ்வகக் கம்பியும் அதைத் தருகின்றன.

மாணவனுக்கு விடை

இப்போது ரப்பர் வளையத்திற்கு வருவோம். முன்பல் நுனியில் அகன்று, வேரை நோக்கிக் குறுகும் கூம்பு போன்றது. கூம்பில் மாட்டிய வளையம் எப்பக்கம் நழுவும்? குறுகிய பக்கம்தான்! ஈறுக்குள் நழுவி, கண்ணுக்கு மறைந்து, வேரைச் சுற்றியுள்ள நார்களையும் எலும்பையும் படிப்படியாக அழிக்கும். நல்ல பற்கள் ஆடி விழுந்துவிடும். இது வெறும் அச்சமன்று; இவ்வாறு முன்பற்களை இழந்தவர்கள் உண்டு.

அம்மாணவன் பல் மருத்துவரிடம் சென்றான். எக்ஸ்ரே எடுத்தபோது, அவ்விரு பற்களுக்கும் நடுவே எலும்புக்குள் கூடுதல் பல் ஒன்று மறைந்திருந்தது! அதை நீக்காமல் எந்த விசையும் அந்த இடைவெளியை மூடியிருக்காது. நீக்கியபின் கம்பி கட்டினார்கள். ஒன்றரை ஆண்டில் பற்கள் சேர்ந்தன. நார்கள் பற்களைப் பழைய இடத்திற்கே இழுக்க முயலும் என்பதால், மேலும் பல மாதங்கள் நிலைநிறுத்தும் கருவியை அணிந்தான்.

உங்களுக்கும் இத்தகைய குறை இருந்தால் வெட்கப்பட ஏதுமில்லை. பெற்றோரிடம் சொல்லித் தகுதி பெற்ற மருத்துவரிடம் காட்டுங்கள். செலவுக்குத் தயங்குவோர் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். உங்கள் வகுப்பில் யாரேனும் வாயை மூடிக்கொண்டு சிரித்தால், கேலி செய்யாமல் இக்கட்டுரையைப் படிக்கக் கொடுங்கள்.