எட்டு மாதமும் இருபது ஆண்டும்

நம் வீடுகளில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தவுடன், "டாக்டர் எத்தனை மாதம் என்றார்?" என்ற கேள்வி எழுகிறது. பதிலாக ஓர் எண் கிடைத்துவிட்டால், நாள் குறித்தாகிவிட்டது என்றே உறவினர்கள் எடுத்துக்கொள்கின்றனர். புள்ளியியல் பயிலும் மாணவி என்ற முறையில், அந்த எண்ணின் உண்மைப் பொருளை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அதற்கு ஓர் அறிஞரின் வாழ்க்கையே தக்க சான்று.

ஸ்டீவன் ஜே கூல்ட், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தொல்லுயிரியல் பேராசிரியராக இருந்தவர். 1982 ஜூலையில், தம் 40ஆம் வயதில், வயிற்றறையின் உட்சவ்வில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் அரிய புற்றுநோய் தமக்கு இருப்பதை அறிந்தார். கல்நார்த் தூசியோடு தொடர்புபடுத்தப்படும் நோய் இது. மருத்துவ நூலகத்திற்குச் சென்று தேடினார். குணப்படுத்த இயலாது, நோய் தெரிந்தபின் வாழும் காலத்தின் இடைநிலை அளவு எட்டு மாதம் என்று நூல்கள் கூறின.

இடைநிலை அளவு என்பது யாது? எண்களை ஏறுவரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்பது. ஐந்து நோயாளிகள் முறையே 2, 5, 8, 30, 240 மாதங்கள் வாழ்ந்ததாகக் கற்பனை செய்வோம். இடைநிலை 8, சராசரியோ 57! பாதிப்பேர் எட்டு மாதத்தைத் தாண்டவில்லை என்பதை இடைநிலை சொல்கிறது. மறுபாதியினர் எவ்வளவு காலம் வாழ்ந்தனர் என்பதை அது சொல்வதில்லை. இத்தகைய வரைபடத்தின் இடப்புறத்தில் சுழியம் என்னும் சுவர் உண்டு; வலப்புறமோ வால்போல் நெடுந்தூரம் நீளலாம்.

கூல்ட் இதைத்தான் கண்டுகொண்டார். தம் வயது குறைவு, நோய் ஓரளவு தொடக்கத்திலேயே தெரிந்தது, சிறந்த மருத்துவம் கிடைத்தது ஆகியவற்றை எண்ணிப் பார்த்து, தாம் அந்த வாலில் இடம்பெற வாய்ப்புண்டு என்று கணித்தார். 1985இல் டிஸ்கவர் இதழில் இதைக் கட்டுரையாகவும் எழுதினார். அறுவை சிகிச்சையோடு, அக்காலத்தில் சோதனை நிலையில் இருந்த சிகிச்சையையும் ஏற்றார். அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வாழ்ந்து, ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட தம் பெருநூலையும் வெளியிட்டு, 2002 மே மாதத்தில் வேறொரு புற்றுநோயால் காலமானார்.

இதைப் படித்துவிட்டு, மனவுறுதி இருந்தால் நோய் ஓடிவிடும் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். வாலின் நுனியை எட்டுபவர் சிலரே. அதே வேளையில், இடைநிலையும் கல்லில் செதுக்கிய எழுத்தன்று. கட்டிகளை அகற்றி, சூடேற்றிய மருந்தை வயிற்றறைக்குள் செலுத்தும் முறையில், தேர்ந்தெடுக்கப்பட்ட 405 நோயாளிகளிடம் அது 53 மாதமாக இருந்ததாக 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. பழைய எண், பழைய மருத்துவத்தின் எண்.

ஆகவே தோழர்களே, மருத்துவர் எண்ணைச் சொன்னால் அதோடு எழுந்துவிடாதீர்கள். எத்தகைய நோயாளிகளின் கணக்கு அது? எந்தச் சிகிச்சைக்குரியது? மறுபாதியினர் எவ்வளவு காலம் வாழ்ந்தனர்? இம்மூன்றையும் கேளுங்கள். ஆங்கிலம் அறியாத நம் பெரியவர்களுக்கு இதைத் தமிழில் விளக்குவது, படித்த நம் கடமை என்பது என் தாழ்மையான கருத்து.